பேச்சுக்குச் சொன்னது

எங்கள் விடுதிக்கு வந்திருந்த வெள்ளைக்கார அக்காவிடம் எதையும் பேச்சுக்குச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா இறங்கும்போது, "ஒரு நாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்க" என்று சொன்னால், "எந்த நாளைக்கு?" என்று கேட்பார். அந்த அம்மா முழித்துவிட்டு வாய்க்கு வந்தபடி "வெள்ளிக்கிழமை" என்று சொல்லி வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கொய்யாப்பழப் பையோடு அந்த வீட்டு வாசலில் நிற்பார். வீட்டுக்காரர் பனியனோடு பல் விளக்கிக்கொண்டிருப்பார்.

நான் சொல்வது எழுபதுகளின் நடுவில் நடந்தது. உத்தமபாளையத்துக்கு வெளியே, கம்பம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் விடுதி இருந்தது. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளும், இருந்தும் வளர்க்க வழியில்லாத பிள்ளைகளும் அங்கே தங்கிப் படித்தோம். ரிட்டையரான ஒரு வாத்தியார் அதை நடத்தினார். அவரைப் பெரியய்யா என்போம். சமைத்துப் போட்ட அம்மாவை ஆத்தா என்போம். என் அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் இறந்த பிறகு என்னைக் கேட்டு யாரும் வரவில்லை. அதனால் எனக்கு நினைவு தெரிந்த வீடே அந்த விடுதிதான்.

சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்கு உதவி செய்கிறோம் என்று கடல் கடந்து சில பேர் அங்கே வருவார்கள். சிலர் ஒரு வாரத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சிலர் எங்களைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஏனென்று தெரியாமல் அழுதுவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு நாங்கள் அவர்களைப் போல அழுது காட்டிச் சிரிப்போம். இந்த அக்கா வந்த அன்றைக்கே பாத்திரம் விளக்குகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து, எங்களோடு சேர்ந்து சாம்பலை அள்ளித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். "இது கொஞ்ச நாளைக்குத் தாங்கும்" என்று ஆத்தா சொன்னார். ஆத்தாவின் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. கடைத்தெருவில் "வெள்ளக்காரம்மா" என்றார்கள், நாங்கள் அக்கா என்றோம். நல்ல உயரம். எந்தச் சேலை கட்டினாலும் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். வெயிலில் மூக்கு சிவந்து தோல் உரியும். அதை உரிக்க நாங்கள் அடித்துக்கொள்வோம், அவரும் மூக்கைக் காட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பார்.

தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தார். முதல் வாரத்தில் "நான் நீர் அருந்த விரும்புகிறேன்" என்று கேட்டார். ஆத்தா பயந்துபோய், "ஏ தாயி, என்னமும் வேண்டுதலா?" என்றார். அப்புறம் எங்கள் வாயைப் பார்த்துப் பார்த்து இங்கன, அங்கன, வந்தாக, போனாக என்று பேசப் பழகிக்கொண்டார். யாராவது பேசினால் நடையை நிறுத்திவிடுவார். பேசுகிறவரின் உதட்டையே பார்ப்பார். தன் உதட்டை அதே மாதிரி ஒரு தடவை சத்தமில்லாமல் அசைத்துக்கொள்வார். புரிந்துவிட்டால் "சரி" என்பார். அந்தச் சரியைச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது, இனி யாராலும் மாற்ற முடியாது.

விடுதியின் பெரிய ஹாலில் கரண்ட் போய் வெகு நாளாகியிருந்தது. பெரியய்யா கரண்ட் ஆபீசுக்கு நடந்து ஓய்ந்துவிட்டார். அக்கா போனார். "நாளைக்கு வாங்க" என்றார்கள். "சரி" என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தார். மறுநாள் போனார். "நாளைக்கு வாங்க" என்றார்கள். அதற்கும் சரிதான். தினமும் ஆபீஸ் திறக்கும்போதே போய், வணக்கம் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. வரச் சொன்னார்கள், வந்திருக்கிறார், அவ்வளவுதான். கடைசியில் அந்த ஆபீஸ் கிளார்க்கே லைன்மேனைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் விடுதிக்கு வந்துவிட்டார். "அந்தம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டு இன்னொரு தடவ நாளைக்குன்னு சொல்ல முடியல சார்" என்று பெரியய்யாவிடம் சொன்னார். அன்று ஹாலில் பல்பு எரிந்தபோது அதைச் சுற்றி நாங்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல.

தையல்கடை ராவுத்தர் ஒரு நாள், "உக்காருங்கம்மா, இது ஒங்க கடைன்னு நெனச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா எழுந்து, மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துத் துணி வெட்டுகளைப் பெருக்கி, ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு, பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்து வைத்தார். ராவுத்தர் கையில் அளவு டேப்போடு அப்படியே நின்றார். அன்று முதல் எங்கள் விடுதிப் பிள்ளைகளின் கிழிசல்களை அவரே வாங்கித் தைத்துக் கொடுத்தார். ஒரு பையன் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்தான். இந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பின்னால் ஒரு வழக்கு வரும்.

இப்போது என் பெயரைச் சொல்லிவிட வேண்டும். பேச்சியம்மாள். கூப்பிடுவது பேச்சி.

பஸ்ஸில் கூப்பிட்ட அம்மா வீட்டுக்கு அக்கா போய் வந்த அன்று ஆத்தா தலையில் அடித்துக்கொண்டார். "ஏ தாயி, அந்தம்மா பேச்சுக்குச் சொல்லியிருக்கும். அதுக்காக நெசமாவே போயி நிக்கிறதா?"

அக்காவின் உதடு அசைந்தது. முகம் மாறியது. நேராகக் கிணற்றடிக்கு வந்து என் முன்னால் குந்தினார்.

"பேச்சி, அந்த அம்மா உனக்குச் சொன்னாக. எனக்கு இல்ல. தெரியாம நான் மட்டும் போயிட்டேன். மன்னிச்சுக்கோ."

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'பேச்சுக்கு' என்பதும் 'பேச்சிக்கு' என்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் காதில் விழும். அவருக்கு 'பேச்சுக்கு' என்ற ஒன்று இருப்பதே தெரியாது. எந்தப் புத்தகத்தில் அதைப் போட்டிருக்கப் போகிறார்கள்? அடுத்த வெள்ளிக்கிழமை என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே எனக்குப் பணியாரம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு யார் அக்காவை எங்கே கூப்பிட்டாலும், ஆத்தா "அது பேச்சுக்குச் சொன்னது தாயி" என்பார், அக்கா உடனே என்னைத் தேடி வருவார். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் போனேன். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஊரில் இத்தனை பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்பது வயதில் எனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லித் தீராது.

விடுதிக்குக் கேப்பை அரைத்து வருவது என் வேலை. மாவு மில்காரர் கோபக்காரர். மிளகாய் அரைத்த கையோடு கோதுமையைப் போட்டுவிட்டார் என்று பெண்கள் சண்டை பிடிப்பார்கள், அவர் பதிலுக்குக் கத்துவார், மோட்டார் சத்தத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்காது. புருவம், மீசை, காது மடல் எல்லாம் மாவாக இருக்கும். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஒரு நாள் அக்காவும் என்னோடு மில்லுக்கு வந்தார்.

"மாமா, கேப்பை கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

அக்கா என்னைத் திருப்பினார். "உன் மாமாவா?"

"ஆமா."

"நெசம் மாமா?"

"மாமாதான்க்கா."

அக்காவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஓர் ஆள் இருக்கிறார்! மில்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளைக்காரி தன் மில்லுக்குள் நின்று கையைக் குலுக்கியதில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, "லீவு விட்டா பிள்ளய வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுப் பிள்ள மாதிரிதான்" என்று கத்தினார்.

"சரி" என்றார் அக்கா.

முழுப் பரீட்சை லீவு என்றாலே எனக்குப் பிடிக்காது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். போடியில் ஒருத்திக்கு அத்தை, சின்னமனூரில் ஒருவனுக்குத் தாத்தா, எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி மலையிலிருந்து இறங்கி வருவார். கடைசியில் அந்த நீள ஹாலில் நான் ஒருத்தி மிஞ்சுவேன். பாய்கள் எல்லாம் சுருட்டி மூலையில் சாத்தியிருக்கும். என் பாய் மட்டும் விரித்திருக்கும். ஆத்தா இரக்கப்பட்டு இரண்டு கரண்டி அதிகமாகப் போடுவார். எனக்கு இறங்காது.

அந்த வருடம் லீவு விட்ட மறுநாள் அக்கா என் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஆத்தா வாசல் வரை ஓடி வந்தார். "தாயி, அவுக பேச்சுக்குச் சொன்னாக!"

"ஆமா. பேச்சிக்குத்தான் சொன்னாக" என்றார் அக்கா, நடந்துகொண்டே.

மில்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மூன்று பையன்கள் ஒரே மாங்காய்க்கு உருண்டுகொண்டிருந்தார்கள். அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். "மாமா சொன்னாக. லீவு விட்டாச்சு. பேச்சி வந்திருச்சு."

கையில் எடுத்த சோற்றோடு அவர் அப்படியே இருந்தார். அவர் மனைவி கரண்டியைப் பிடித்தபடி வெளியே வந்து என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார்.

"நீங்க சொன்னீகளா?"

அவர் தொண்டையைச் செருமினார். "சொன்னேன்."

"சொன்னா அப்பறம் என்ன? வா ஆத்தா, கையக் கழுவு. டேய், அந்த மாங்காய அவளுக்கும் வெட்டுங்கடா."

அத்தை கேட்டது அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் நடுப் பையன் என் சடையை இழுத்தான், நான் அவன் கையைக் கடித்தேன், அத்தை இருவர் முதுகிலும் ஒரே மாதிரி வைத்தார். அந்த அடியில்தான் எனக்கு மூச்சே ஒழுங்காக வந்தது. விடுதியில் என்னை யாரும் அடித்ததில்லை. பாவம் என்று விட்டுவிடுவார்கள்.

சித்திரைக் கடைசியில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் போனோம். ஆற்றில் குளித்து, தீச்சட்டி எடுத்தவர்களுக்கு வழிவிட்டு, தேர் பார்க்க நகர்ந்தபோது கூட்டத்தில் என் கை நழுவிவிட்டது. நாலாபக்கமும் இடுப்புகளும் வேட்டிகளும்தான் தெரிந்தன. "மாமா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். குளித்த பிறகும் காதோரத்தில் மாவு போகாமல் இருந்தது. என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே தேர் காட்டினார்.

அந்த லீவு முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. அடுத்த முழுப் பரீட்சை நெருங்கிய சமயத்தில்தான் அக்கா பெரியய்யாவிடம் சண்டைக்குப் போனார். அக்காவுக்குக் கோபம் வந்து நாங்கள் பார்த்தது அன்றுதான். எங்கள் வகுப்புக்கு நடுவிலேயே, கரும்பலகைக்கு முன்னால் நின்று கேட்டார்.

"அய்யா, இவனுக்கு ராவுத்தர் சித்தப்பா. அவனுக்குப் பால்காரர் மாமா. இந்தப் பிள்ளைக்கு ஊர் பூரா அத்தை. இத்தன சொந்தம் இருக்காக. அப்பறம் ஏன் இந்தப் பிள்ளைக விடுதில இருக்கு? ஏன் அவுக கூட்டிட்டுப் போகல?"

பெரியய்யா ஒரு நிமிடம் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ராவுத்தர் எப்படிம்மா இவனுக்குச் சித்தப்பா ஆவாரு? அது ஒரு மரியாதைக்குக் கூப்பிடுறது. பெரியவங்களப் பேரச் சொல்லியா கூப்பிடுவாக?"

"மில்லு மாமா?"

"அவரும் அப்படித்தான்."

"ஆனா அவுக பேச்சிக்குச் சொன்னாக. லீவுக்கு வரச் சொன்னாக."

பெரியய்யாவின் சிரிப்பு நின்றது. சாக்கட்டியை எடுத்து, கரும்பலகையில் 'பேச்சுக்கு' என்று எழுதினார். அதன் கீழே 'பேச்சிக்கு' என்று எழுதினார். முதல் சொல்லுக்கு மெதுவாக அர்த்தம் சொன்னார். மனதில் ஒன்றும் இல்லாமல், வாய் வார்த்தைக்குச் சொல்வது.

அக்காவின் உதடு இரண்டு சொல்லுக்கும் அசைந்தது. கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துவிட்டது. எங்கள் பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப பேச்சிய யாருமே கூப்பிடலையா?" என்றார்.

நான் முன் பெஞ்சில் இருந்தேன். கரும்பலகையில் என் பெயருக்கு மேலே இருந்த அந்தச் சொல்லையே பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். ஒரு ஊரே என்னைக் கூப்பிட்டது என்று நினைத்திருந்தேனே! அழுகை வரவில்லை.

இன்னொருவராக இருந்தால் அதோடு கமுக்கமாக விட்டிருப்பார். அக்காவா விடுவார்? தெரியாமல் போன வீடுகளுக்கெல்லாம் போய், "நீங்க கூப்பிடல, நான் வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று சொல்ல வேண்டும் என்றார். ஆத்தா தடுத்துப் பார்த்தார். அக்கா சரி என்று சொல்லிவிட்டார், தனக்குத் தானே. அவ்வளவுதான்.

சனிக்கிழமை கேப்பை மூட்டையோடு மில்லுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, மில்லு மாமாகிட்ட மட்டும் வேணாம்க்கா. சொல்லாதீகக்கா."

"பொய்யா ஒரு மாமா உனக்கு வேணாம் பேச்சி."

எனக்கு வேண்டும். பொய்யோ நிஜமோ, எனக்கு அந்த மாமா வேண்டும். அடுத்த மாதம் லீவு. சுருட்டி வைத்த பாய்களும் அந்த நீள ஹாலும் கண்ணுக்குள் வந்து நின்றன. அக்கா மேல் அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் நல்லவராக இருந்ததுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காமல் போனது.

மில்லில் நல்ல கூட்டம். தூக்குச்சட்டிகளும் டின்களும் வரிசையாக இருந்தன. அக்கா மில்காரர் முன்னால் போய்க் கையைக் கூப்பி ஏதோ சொன்னார். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் காதைக் காட்டினார். அக்கா மறுபடியும் சொன்னார். கேட்கவில்லை. அவர் சுவிட்சை அணைத்தார். பெல்ட் தடதடவென்று ஓடி ஓய்ந்தது. அந்த மில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நீங்க மாமா இல்ல" என்றார் அக்கா, ஒவ்வொரு வார்த்தையாக. "எனக்குத் தெரியல. லீவுக்கு வரச் சொன்னது பேச்சுக்குச் சொன்னது. நான் பேச்சிக்குன்னு நெனச்சுட்டேன். உங்க வீட்டுல கொண்டாந்து விட்டுட்டேன். தப்பு. மன்னிச்சுக்கங்க."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் மில்காரரைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர் பேச்சுக்குத்தான் சொன்னார் என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் கேப்பை மூட்டைக்குப் பின்னால் நின்று என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மாவு கொஞ்சம் இடம் மாறியது, அவ்வளவுதான்.

"பேச்சுக்குச் சொன்னேன்னு எவன் சொன்னது?" என்று கத்தினார். மோட்டார் நின்றுபோனதை மறந்துவிட்டார் போல. "நான் பேச்சிக்குத்தான் சொன்னேன். பேச்... சி... க்கு. இந்தா நிக்கிறாள்ல, இவளுக்கு!"

மாவுக் கை என் உச்சந்தலையில் வந்து விழுந்தது.

"பின்ன? தேரு பாக்கத் தோள்ல தூக்கிட்டு அலைஞ்சாகள்ல, அது யாராம்?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். பெண்கள் சிரித்தார்கள். அவர் அவர்களையும் சேர்த்துத் திட்டினார். பிறகு என்னிடம் குனிந்து, "இந்த வருசம் என்னைக்குடி லீவு விடுறாக? ஒங்க அத்த தெனமும் கேக்குறா, நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அவர், "ஏய், கேப்பை நனையப் போகுது, அங்கிட்டுத் தள்ளி நின்னு அழு" என்றார்.

அக்கா அசையாமல் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பேச்சுக்கு. பேச்சிக்கு. பேச்சுக்கு. பேச்சிக்கு. பெரியய்யா கரும்பலகையில் எழுதிக் காட்டியது சரியா, இந்த மனிதர் சொல்வது சரியா என்று அவர் எவ்வளவு குழம்பியிருப்பார் என்று இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அடுத்த வருடம் அவர் தன் ஊருக்குப் போய்விட்டார். தமிழை அவர் கடைசி வரை சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்காக நன்றி சொல்லி நான் கும்பிடாத சாமி இல்லை.

மில்காரர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. நாங்கள் கேப்பையை வரிசையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தோம். பின்னாலிருந்து அவர் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"அரைக்க நேரமாகும்! வீட்டுல போயிச் சாப்ட்டு வாங்க!"

அக்கா நின்றார். என்னைப் பார்த்துக் குனிந்து, காதருகில் வந்து, பயந்த குரலில் கேட்டார்.

"இது பேச்சுக்கா, பேச்சிக்கா?"

"பேச்சிக்குத்தான்க்கா."

"சரி" என்றார் அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுப் பக்கம் நடந்தார்.